காதில்லாத ஊசி

துரோம்சோ. நவம்பர் கடைசி.
பகல் பதினொன்றுக்கும் தெருவிளக்கு எரிகிறது.
எக்ஸ்ரே அறைக்கும் சலவைக் கிடங்கிற்கும் நடுவே
எனக்கென்று ஒதுக்கிய அறை.

தூர்ஃபின். வலை பின்னிய கை.
கீமோவின் ஆறாம் சுற்றில் விரல்நுனி மரத்துவிட்டது;
பித்தானும் மீன்செதிலும் ஒன்றே.
உறை பிரிக்காத ஊசியை விளக்கில் பிடித்துப் பார்க்கிறார்:
"இதற்குக் காது இல்லையே.
நூலை எங்கே கோர்ப்பாய்?"

பதினான்கு குத்தினேன். இருபது நிமிடம்.
சுவருக்கப்பால் சலவை எந்திரம் சுழன்றது.
இவரிடம் குறட்டை.

மேல்மாடி டாக்டர் குன்வோர் கேட்பாள்:
ஊசியா, உறக்கமா,
உன் உள்ளங்கைச் சூடா, எது?
தெரியாது என்பேன்.
உதட்டைப் பிதுக்கிக்கொண்டே
அடுத்த வாரச் சீட்டிலும் கையெழுத்திடுவாள்.

உருவி எண்ணினேன். பதிமூன்று.
மறுபடி. பதிமூன்று.
போர்வை, தரை, கால்விரல் இடுக்கு.
மண்டியிட்டுத் தேடும் என் தலைக்கு மேலே
"ஸ்ஸ்!"

கம்பளிச் சட்டை மடிப்பில் கிடந்திருக்கிறது.
சுட்டுவிரலில் கடுகளவு சிவப்பு.
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
அவரோ, தூண்டில் இழுபடுவதைக் கண்ட
பையன் போலக் கத்தினார்:
வலிக்கிறது!
அடடா, வலிக்கிறது!

இதை நான்
பிழைப் பதிவேட்டில்தான் எழுத வேண்டும்.