நான்கு நிமிட வெயில்

இரண்டு உப்புகள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.
தனித்தனியாகக் கரைத்து வை.
சேர்ப்பதானால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
மஞ்சள் விளக்கில் சேர்.
சமபங்கு. ருசி பார்க்காதே.

மைலோ பெட்டியைக் கிழித்து, அதன் உட்புறத்தில்
இப்படித்தான் ஸுல்ஹைரிக்கு எழுதிக் கொடுத்தேன்.

வேலையிடத்திலும் எனக்கு மஞ்சள் விளக்குதான்.
உட்லண்ட்ஸில், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பில்,
சிலிக்கான் வட்டின்மேல் ஒளியால் கோடு கிழிக்கும் இயந்திரத்துக்குப்
பன்னிரண்டு மணி நேரக் காவல்.
எத்தனை வினாடி, எந்த மருந்து, எவ்வளவு சூடு,
எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று
ஏழு பக்கங்களில் கையெழுத்திட்டிருக்கிறேன்.
அம்மாவிடம்கூட "லைட்டு வேலை" என்றதோடு சரி.

அதனால்தானோ என்னவோ
விடுப்பு நாளில் யார் கேட்டாலும் கொட்டிவிடுகிறேன்:

பதினோராம் மாடித் தாழ்வாரம், மேற்குப் பார்த்தது.
மருந்து பூசி உலர்ந்த தாள்,
அதன்மேல் கீழே பொறுக்கிய மழைமரத்துக் கொத்து,
அதன்மேல் கண்ணாடி, நான்கு கிளிப்.
மூன்று மணி வெயிலில் நான்கு நிமிடம்.
அழகாகிவிட்டது என்று தோன்றினால் இன்னும் ஆகவில்லை.
கெட்டுவிட்டது என்று தோன்றும்போது
எடுத்துக் கழுவு.

பதிலுக்கு அவன் புத்தகம் தைக்கக் காட்டினான்.
மாலைப் பேருந்து ஓட்டுகிறவன், காலைகள் அவனுடையவை.
தாளை வளைத்துப் பார் என்றான்.
எந்தப் பக்கம் முரண்டுபிடிக்காமல் வளைகிறதோ அதுதான் அதன் போக்கு;
முதுகுக்கு இணையாக ஓட விடு,
இல்லையென்றால் இந்த ஊர் ஈரத்தில் ஒரே வாரத்தில் அப்பளம்.
மடிப்பை அழுத்தக் காலாவதியான பயண அட்டை.
நூலுக்கு மெழுகு.
பசை காயும்வரை பத்துக் கிலோ அரிசி மூட்டையின் கீழே.

என் முதல் புத்தகம் நாலாவது துளையில் வழுக்கி
நிற்க வைத்தால் சாய்ந்து வணக்கம் சொன்னது.
அவனுடைய முதல் நீலம்
சோப்புத் தண்ணீர்.

நான்கு என்றுதானே போட்டிருக்கிறாய் என்று அட்டையை நீட்டினான்.
போட்டிருந்தேன்.
எந்த வெயில் என்று போடவில்லை.
அவன் வீடு ஆறாம் மாடி, கிழக்கு,
எதிரே வாகன நிறுத்தக் கட்டடம் எட்டரை மணிவரை
சூரியனைப் பிடித்து வைத்திருக்கும்.
என் நான்குக்குக் கீழே பென்சிலால் எழுதினான்: பதினொன்று.

பிறகு பத்தாம் மாடி.
கழுவிய தாள்களை மூங்கில் கழியில் போட்டிருந்தேன், சொட்டியிருக்கிறது.
பெய் ஷான் மகனின் பள்ளிச் சட்டையோடு வந்து நின்றாள்.
வெள்ளைத் தோளில் மூன்று நீலப் பொட்டு.
மறுநாள் திங்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில்
பாடம் எடுத்துவிட்டேன், என் புத்தி:
பிளீச் வேண்டாம். சலவைச் சோடா, ஒரு கரண்டி.
அது நீலத்தைத் தின்னும், மஞ்சளாக எச்சில் வைக்கும்.
எச்சிலுக்கு எலுமிச்சை.
ஒரே வாளிக்குள் இரண்டு தலைகள்.
தோள் வெளுத்தது.
கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது, அதே குரலில் கேட்டாள்:
அப்படியானால் துணியிலும் பிடிக்கும், இல்லையா?

அடுத்த ஞாயிறு நான்கு தலையணை உறைகள்.
இலையெல்லாம் எதற்கு என்று
தான் பின்னிய குரோஷா வட்டத்தை விரித்தாள்.
நூலின் ஒவ்வொரு கண்ணும் விழுந்தது,
அவள் எண்ணம் தப்பிய ஒரு கண்ணும்.
அதைத்தான் முதலில் காட்டினாள்.
அட்டையில் மூன்றாவது கையெழுத்து: பருத்தி, ஒன்பது.

இடம் போதாமல் இன்னொரு மைலோ பெட்டியை ஒட்டி
மின்தூக்கிக்குப் பக்கத்து இரும்புக் கதவில்
காந்தம் வைத்து மாட்டினேன்.
இரவு வேலை முடிந்து இன்று காலை வந்து பார்த்தால்
பச்சை மையில், நான் அறியாத கை:

பதினான்காம் மாடி. மேகம். பதினேழரை.

பதினேழு, சரி.
அந்த அரையை
எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்?
உடுப்பு மாற்றாமல் நிற்கிறேன்,
மின்தூக்கி மேலே போகிறது.