பின்னதற்குக் கொஞ்சம் கெட்டி

செம்மண்டலம் முனையில் நிஜாம் கடை.
வாசலில் டயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக,
நடுவில் இருட்டோடு.
அந்த இருட்டில் ஒரு பூனை
வாடகையில்லாமல் குடியிருக்கிறது.

"எதுக்கும்மா டயர்?"
"வழுக்குறதுக்கு."
இருபது வருஷமாக
வழுக்காத டயர் கேட்டு வந்தவர்களையே பார்த்தவர்
காதில் செருகிய பேனாவை எடுத்தார்,
திரும்ப அங்கேயே செருகினார்.

சொன்னேன்:
மண்ணில் குதிக்கச் செய்த வண்டி அது.
இருபத்தொரு அங்குல முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு
முன்னும் பின்னும் பதினேழு போட்டாயிற்று.
கட்டை கட்டையாய் இருந்த பழைய ரப்பர்
தாரில் ஏறினால் ஆடுகிற பல்.
முழு மொட்டையும் ஆகாது,
பாதி வழி மணல்,
தேவனாம்பட்டினத்துக் காற்று
கேட்காமலே கொண்டுவந்து கொட்டுவது.

முன்னதற்கு மெத்தென்று வேண்டும்.
நகம் அழுத்தினால் பள்ளம் விழுந்து
யோசித்து மேலே வரவேண்டும்.
பின்னதற்குக் கொஞ்சம் கெட்டி.
பிடிவாதம் முன்னால் இருக்கட்டும்,
பின்னால் வருவதற்கு
விட்டுக்கொடுக்கத் தெரிந்தால் போதும்.

"அப்ப பின்னாடி பழசே போதுமே"
என்று பரணிலிருந்து ஒன்றை உருட்டிவிட்டார்.
பக்கச் சுவரை மடக்கிப் பார்த்தேன், வெடிப்பில்லை.
தூசியைத் துடைத்தால் நாலு இலக்கம்:
முப்பத்திரண்டாவது வாரம்,
நான் லேபில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஆடி.
அன்றிலிருந்து ஒரே இடத்தில் கிடந்து
இறுகியிருந்தது.
அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.
முந்நூறு ரூபாய் குறைத்தார்.

"பில்லுல தம்பி பேரு சொல்லும்மா."
"மங்கையர்க்கரசி."
எழுதி முடிக்க நேரமெடுத்தது.

ஞாயிறு விடியல்.
சிப்காட்டில் டேங்கர் நிறுத்தும் மைதானம் காலி.
காற்றில் அழுகின முட்டைக்கோஸ்;
எந்தக் கம்பெனி என்று மூக்குக்குத் தெரியும்,
வாய் சொல்லாது.
கிளாடிஸ் காற்று பார்த்தாள்,
முன்னே இருபத்துநாலு, பின்னே இருபத்திரண்டு.
வெயில் ஏறினால்
சித்திரை அதுவாகவே ரெண்டு கூட்டிவிடும்.

முதல் தடவை
பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்துத் தொங்கினேன்.
டயர் மேல் குற்றமில்லை.

ரெண்டாவது தடவை விழுந்தேன்.
முழங்கையில் எட்டணா அளவு தோல்.

மூன்றாவது,
ரெண்டு கியர் இறக்கி
கிளட்சைப் பாதியில் வைத்து
பின் பிரேக்கைச் சும்மா தொட்டேன்.
வண்டியின் பின்பாதி
கோபித்துக்கொண்டு வெளியே போனது.
போகட்டும் என்றேன்.
இடது கால் நீட்டி, பூட்ஸின் அடி தரையைத் தேய்க்க
முன் டயர் மட்டும்
எனக்காக நின்று பேசிக்கொண்டிருந்தது.
அப்புறம் ஒரு சத்தம்,
புதுத் துணியை நூல் பார்த்துக் கிழிப்பதுபோல.
பிறகு
போனது தானே திரும்பி வந்தது.

ரெண்டு நொடி இருக்கும்.
கிளாடிஸ் நாலு என்றாள்,
சீட்டு பிடிக்கிற வீடு, கூட்டித்தான் சொல்வாள்.
கையுறையைக் கழற்றிப் பின் டயரைத் தொட்டேன்.
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி.
ஓரத்தில் ரப்பர் அழுக்குருண்டைகளாய்ச் சுருண்டிருந்தது.
ஆறு வருஷ இறுக்கம்
இவ்வளவு சீக்கிரம் உதிருமென்று
யாரும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை, முதல் ஷிப்ட்.
கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறேன்.
என் கறுப்பு வளைவின் மேல் ஒரு டேங்கர்.
நிழலில் பம்பு ஸ்டவ், ரசம் கொதிக்கிறது.
கிளீனர் பையன் குதிகாலால்
கோட்டைத் தேய்த்துப் பார்க்கிறான்.
"எவனோ விழுந்திருக்காண்ணே."
டிரைவர் உச்சுக்கொட்டுகிறார்.

அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு
கடந்து போகிறேன்.
விழுந்த இடம் இதில்லை, தம்பி.
அது அந்தப் பக்கம்,
சாக்கடை மூடிக்குக் கிட்டே.
அங்கே ஒரு கீறல்கூட இல்லை.