வண்டி ஓடிய நேரம்

மூன்று மணிக்கே எழுப்பிவிட்டார் மேஸ்திரி.
வற்றம் இருக்கும்போதே வெட்டியாக வேண்டும்,
கடல் ஏறிவிட்டால்
வெட்டியது அத்தனையும் தூர்ந்துபோகும்.
இஞ்சினைப் போட்டேன்.
சீனிவாசபுரத்துக் குடியிருப்பில்
ஒரு ஜன்னல் விழித்து, திட்டி, அணைந்தது.

இந்தப் பக்கம் அடையாறு.
ஆதனூர் ஏரியை விட்டுக் கிளம்பும்போது
இதற்கு நிறமில்லை என்கிறார்கள்,
நான் பார்த்ததில்லை.
விமான ஓடுபாதைக்கு அடியில் குனிந்து நுழைந்து
சைதாப்பேட்டையின் குளியலறைகளை எல்லாம்
வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு
உடைந்த பாலத்தின் கால்களைத் தொட்டு
கடைசி அறுபது அடியில் நின்றுபோனது.
நாலு மாதமாய் நிற்கிறது.

அந்தப் பக்கம் கடல்.
நடுவே மணல்.
மணலில் என் பக்கெட்.

"போன வருஷமும் நீதானே?"
தோளில் வலையோடு தேசப்பன்.
ஆமாம் என்றேன்.
"அப்ப அடுத்த வருஷமும் நீதான்."

கோடையில் தெண்டி இழுக்குமாம்,
தெற்கிலிருந்து வடக்கே.
திருவான்மியூர் மணலைக்
கரையோடு கரையாக உருட்டிவந்து
இந்த வாயில் அடைக்குமாம்.
வாடை விழுந்தால் வன்னி, தெற்கே திரும்பும்.
ஆனால் எடுத்துப்போனதை எல்லாம்
திருப்பித் தராது.
"துறைமுகச் சுவர் புடிச்சு வெச்சிக்கிச்சே,
அந்த பாக்கியிலதான்
நீங்க மெரினாவுல கிரிக்கெட் ஆடுறது."
நான் கிரிக்கெட் ஆடியதில்லை. ஊர் அரூர்.

ஐந்தே காலுக்கு
பக்கெட்டின் பல் கடைசி மண்ணைக் கிள்ளியது.
சுண்டுவிரல் தடிமனில்
ஒரு கோடு ஓடியது.
மேஸ்திரி கை காட்டி நிறுத்தினார்.
கோடு கயிறாயிற்று.
கயிறு வாய்க்காலாகும்போதே
இரு கரையும் தாமாகப் பெயர்ந்து
பொத்துப் பொத்தென்று விழ,
வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன்,
இன்னும் பின்னுக்கு,
பதறிப்போய்த்தான்.
இருபது டன் என் வண்டி.
தண்ணீருக்கு ஒரு விரல்கூடக் கிடையாது.

போயின:
ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு,
திருஷ்டிப் பூசணி, தலையணை,
குடம்போல் உப்பிய நாய்.
நாற்றம் மட்டும் போகாமல்
எங்களோடு டீ குடித்தது.

ஒன்பது மணிக்குக் கடல் ஏறி வந்தது.
சந்தில் எதிரெதிரே வந்த இருவர்
ஒரே பக்கம் விலகித் தடுமாறுவார்களே,
அப்படி ஒரு கணம்.
பிறகு உப்பு அடியால் உள்ளே போனது,
கறுப்பு அதன் முதுகின் மேல் வெளியே வந்தது.
ஒரே வாசல்.
யாரும் யாருக்கும் வழிவிடவில்லை.

தேசப்பன் வீசினான்.
முதல் வீச்சில் நாற்காலிக் கால்.
இரண்டாவதில் மடவை,
உள்ளே ஏறிக்கொண்டிருந்தவை,
விரல் நீளம்தான், துள்ளின.
வலையை உதறிவிட்டு பீடி பற்றவைத்தான்.

லாக் புத்தகத்தில் ஒரு கட்டம்:
வண்டி ஓடிய நேரம்.
இரண்டே கால் மணி என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: வேலை முடிந்த நேரம்.
பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.
தென்கரை ஓரத்தில்
நாக்கு நுனிபோல ஒரு மணல்,
காலையில் இல்லாதது.

மேஸ்திரி அவசரப்படுத்தினார்.
ஏதோ ஒரு நேரம் போட்டேன்.