மூன்றாம் பாகம்

பேட்டர்நாஸ்டர் தெருவில்
பனிமூட்டம் படியேறி வந்த நவம்பர்.
திரெல்ஃபால் பதிப்பகத்தில் கணக்கன் நான்.

"இரண்டாம் பாகத்திலேயே செத்துவிட்டாளே நாயகி,
நூலகங்கள் மூன்றல்லவா கேட்கின்றன?" என்றார்.
எதிரே ஈரக் குடையோடு மிஸ் பெல்விட்.
ஒரு காய்ச்சல், ஒரு கப்பல், தொலைந்த உயில் ஒன்று,
நாற்பதே நாளில் நாயகி பிழைத்துக்கொண்டாள்.
உரிமை முழுவதற்கும் இருபத்தைந்து பவுன்.
நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.
கையுறையில் ஒரு விரல்நுனி கிழிந்திருந்தது.

ரயில் நிலையக் கடைகளில்
மஞ்சள் அட்டை போட்டு அதே கதை
இரண்டு ஷில்லிங்குக்குப் பறந்தது.
அவர் ஹைகேட்டில் வீடு வாங்கினார்.
பியானோ வாங்கினார், வாசிக்க ஆளில்லை.

மார்ச்சில் பக்கவாதம்.
பேச்சுப் போன வாயோரம் ஒழுக
இடக்கையால் பலகையில் கிறுக்கினார்:
இன்னும் எத்தனை பக்கம்?
மருத்துவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏலத்தில் விலைபோகாத தாள்கட்டுகளைப்
பெட்டி செய்பவன் எடைக்கு எடுத்தான்,
உள்ளே ஒட்ட.

மகள் லீட்ஸுக்கு வேலைக்குப் போகிறாள் என்று
போன வாரம் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கினேன்.
மூடியின் உட்புறம், தலைகீழாய்,
நாயகி இன்னும் காய்ச்சலில் கிடக்கிறாள்.
அடுத்த பக்கம்
அடியில் எங்கோ,
மடித்துவைத்த துணிகளுக்குக் கீழே.