பேச்சு மூச்சு

மஞ்சக்குப்பத்தில் எங்கள் கண் ஆஸ்பத்திரி.
வாசலில் வாளி, குழாய்,
கயிற்றில் தொங்கும் சோப்புக்கட்டி.
முதல் நாள் கட்டாமல் வைத்தது
மத்தியானத்துக்குள் யார் வீட்டுக்கோ போய்விட்டது.

கூட வந்தவர்கள் வாதாமரத்தடியில்.
உள்ளே ஒன்று விட்டு ஒரு நாற்காலி,
நடுவில் கிடப்பதன் மேல் பெருக்கல் குறி.
ஏசி கிடையாது. நாலு சன்னலும் திறந்து
கெடிலத்துக் காற்றும் லாரிப் புழுதியும்
ஒன்றாகவே வந்து உட்கார்ந்தன.

எழுத்து வாசிக்க வைப்பது என் வேலை.
சத்தம் போட்டு வாசித்தே பழகிய ஊர்.
இப்போது விரலால் காட்டச் சொன்னேன்:
மூன்று கால் எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறதோ
அந்தப் பக்கம் மூன்று விரல்.
முகக்கவசத்தின் மேல்விளிம்பில்
பிளாஸ்திரி ஒட்டினால்தான் கண்ணாடியில் ஆவி பிடிக்காது.
ஒட்டும்போது மட்டும்
மிக அருகில் பார்ப்பேன் அவர்களை,
என் மூச்சை அடக்கிக்கொண்டு.

அவசரமென்றால் புதுச்சேரிக்கு ஓடுகிறவர்கள்
முள்ளோடையில் மறிக்கப்பட்டுத் திரும்பினார்கள்.
அப்படி வந்தவர் கலிவரதன்.
சிப்காட்டில் கிரைண்டிங் வேலை.
வலது கருவிழியில்
கடுகில் கால்பங்கு இரும்பு.

ஸ்லிட் லேம்ப்பில்
பழைய எக்ஸ்ரே ஃபிலிமைத் தேய்த்து வெளுக்கவைத்து
இரண்டு ஓட்டை போட்டு மாட்டியிருந்தோம்.
யாருடைய விலா எலும்போ
ஒரு மூலையில் இன்னும் லேசாகத் தெரிந்தது.
அதற்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் டாக்டரம்மா.
நடுவே ஒரு சாண்.

இரண்டு கவசத்துக்குள்ளிருந்து சொன்னேன்:
"பேச்சு வேணாங்க. ஆடாம இருங்க."
கட்டைவிரலை உயர்த்தினார்.

ஊசிமுனை போனது.
இரும்பு வந்துவிட்டது, துரு வரவில்லை.
டாக்டரம்மா சுரண்டினார், நிறுத்தினார்,
மறுபடி சுரண்டினார்.
பட்டையில் அழுந்திய நெற்றி நனைந்தது.
கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது.
வலி போல என்று நினைத்தேன்.
"ஆச்சு" என்றதும்
அப்படியே பின்னால் சரிந்தார்.
தோளைப் பிடித்தேன்.
இரண்டு மாதத்தில்
நான் தாங்கிப் பிடித்த முதல் தோள்.

"என்னங்க, என்ன செய்யுது?"

ஊதி ஊதி வாங்கி, கடைசியில் சொன்னார்:
"நீங்கதானேம்மா
மூச்சு வேணாம்னீங்க."

உடனே யாரும் சிரிக்கவில்லை.
பெரியாஸ்பத்திரிப் பக்கம் ஒரு ஆம்புலன்ஸ் கூவிப் போனது.
சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று
ஊரே போனில் கேட்டுக்கொண்டிருந்த வாரம் அது.
நான் கேட்டேன் என்று
ஏன் என்றுகூடக் கேட்காமல்
இந்த மனிதர் நிறுத்திவைத்திருந்தார்.

பிறகுதான் டாக்டரம்மாவின் தோள் குலுங்கியது.
அவரும் சிரித்தார்,
ஒரு கண்ணில் கட்டோடு.

சாயங்காலம் நாற்காலி, தாடைப்பட்டை எல்லாம் துடைத்தபின்
ஒரு மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து
பெரிய எழுத்தில் எழுதினேன்:

பேச வேண்டாம்.
மூச்சு விடலாம்.

மறுநாள் சொட்டு மருந்து விட்டு
பாப்பா விரியக் காத்திருந்த ஒரு பெண்,
சீட்டில் கஸ்தூரிபாய் என்றிருந்தது,
அட்டையைப் பார்த்துக் கண்ணை இடுக்கினாள்.
"எல்லாம் கலங்குதும்மா. என்ன போட்டிருக்கு?"

ஆறடி தள்ளி நின்று
பேச வேண்டாம் என்பதை
உரக்கப் படித்துக் காட்டினேன்.

இரண்டாவது வரியை மட்டும்
இன்னொரு தடவை
சொல்லச் சொன்னாள்.