அரைக்கால் மேகம்

குர்னிகல் மலையில் மணி இரண்டு பதினேழு.
கீழே பெர்ன் நகரம்
மூடுபனிக்கு அடியில் உறங்குகிறது.
இன்றைக்கு வானமே இல்லை என்று
சன்னலைச் சாத்தியிருப்பார்கள்.
இங்கே, அந்தப் பனிக்கும் மேலே,
கொட்டிக் கிடக்கிறது.

நட்சத்திரம் பார்ப்பது என் வேலை அல்ல.
அதை ரெகுலா பார்க்கிறாள், அதுவும் திரையில்.
இடையில் யாரும் வருகிறார்களா என்று
பார்த்திருக்கத்தான் எனக்குக் கூலி.
வானம் பார்த்த பூமி என்று
பள்ளியில் படித்தவள்,
மேகம் வராதே வராதே என்று
சம்பளம் வாங்குகிறேன்.

கூரைமேல் கேமரா, மல்லாந்த தவளைபோல.
அதன் வில்லை ஜெர்மானியம்:
குனிந்து பார்த்தால்
உள்ளே ஒன்றும் தெரியாது, நம் மூக்குதான் தெரியும்.
அதற்கோ நிறம் கிடையாது, ஒளி கிடையாது;
சூடு, குளிர், அவ்வளவே.
தெளிந்த வானம் அதற்குக் கரி.
மைனஸ் ஐம்பத்தெட்டு.
மேகம் என்றால் வெள்ளை:
தரையிடம் வாங்கிய சூட்டைத்
தவணையில் திருப்பித் தந்தபடியே நகரும்.

வானத்தை எட்டாக வெட்டி
எத்தனை பங்கு மூட்டம் என்று குறிக்க வேண்டும்.
எட்டில் ஒன்று என்பான் ஊர்சின்.
எனக்கு அதற்கு ஒரே சொல் போதும்.
அரைக்கால்.
சொல்லிக் கொடுத்தேன்.
அவன் வாயில் அது ‘அரக்கல்’ ஆகி
ஏதோ பாலாடைக்கட்டியின் பெயர்போல் ஆயிற்று.

இரண்டரைக்குத் தெற்கே ஒரு வெள்ளைத் திட்டு.
காற்று அடிக்கிறது,
திட்டு அசையவில்லை.
அசையாத மேகம் மேகமா?
துணியும் ஏணியுமாக ஏறினேன்.

ஆந்தையின் இறகு ஒன்று
வில்லையோடு உறைந்து ஒட்டியிருந்தது.
ஊதினேன், இளகட்டும் என்று.
இன்னும் குனிந்து ஊதினேன்.

கீழே நிரல் எண்ணியிருக்கிறது:
கால், அரை, முக்கால், முழுசும்.
கவிகை கிறீச்சிட்டு மூடத் தொடங்கியது.

“மேகம்!” என்று கத்தினாள் ரெகுலா.
“எங்கே?”
“உன் தலைக்கு மேலேதான், எங்கே என்கிறாய்!”

எந்தச் சூரியனின் முன்போ
கடந்துகொண்டிருந்த ஒரு கோள்
யாரும் பாராமல் கடந்தது, பதினோரு நிமிடம்.

பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
கீற்று மேகம், பனிமூட்டம், பனிப்பொழிவு,
இவற்றில் ஒன்றைத் தேர வேண்டும்.
ஊர்சின் சிரித்துச் சிரித்து இருமினான்.
ரெகுலா சிரிக்கவில்லை.
“உள்ளூர் மேகம் என்று எழுது” என்றாள்.
எழுதினேன்.

அந்தப் படம் இன்னும் இருக்கிறது, கோப்பில்:
அடிவானம் முதல் அடிவானம் வரை
வெள்ளையாய் என் முகம்.
குளிரில் விறைத்த மூக்கு நுனி மட்டும்
சற்றே கறுத்து.