இருபத்து மூன்றாம் நிமிடத்து நாய்

நிமிடத்துக்கு நூற்றைம்பத்திரண்டு அடி.
நான் கேட்டது அவ்வளவுதான்.

துறைமுக வாசலில் லாரிகளை எடை போடுகிறவள் நான்.
கம்பளிப் பொதி, சோயா, உறைந்த இறைச்சி.
முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும்வரை
சீட்டுக் கிழிப்பதில்லை.
டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

டாக்டர் எச்செகோயன்
குளிர்ந்த வில்லையை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு
"நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்கொள்கிறது, நெலிதா.
பயமில்லை, ஓடுங்கள்.
ஆனால் ஒரே சீராக" என்றார்.
ஐம்பத்தொரு வயதில்
ஓட்டக்காரர்களின் காலுறை வாங்கப் போனேன்.

மொந்தேவிதேயோவில்
ஒரே சீர் என்பது லேசில் அகப்படுகிற சரக்கில்லை.
முதலில் கிடைத்த இசைக்கோவை
நூற்றைம்பதில் தொடங்கி
யாரோ துரத்துவதுபோல் நூற்றெழுபதுக்கு ஏறியது.
இரண்டாவதில் ஒருவன்
"இன்னும்! இன்னும்!" என்று காதுக்குள் கத்தினான்.
பதினாறு வருஷம் கூட இருந்த மனிதரே
என்னிடம் அப்படிக் கத்தியதில்லை.
மூன்றாவதில் மெத்தை விளம்பரம்.
நான்காவது நன்றாகத்தான் போனது.
திடீரென்று டிரம் ஒதுங்கிக்கொள்ள
பாடகிக்குப் பழைய காதலன் ஞாபகம் வந்துவிட்டது.
தூக்கிய காலை எங்கே வைப்பது?
அவளா சொல்வாள்.

ஞாயிறு மாலை தெருவில் வரும் மேளக்காரர்கள்
போகப் போகச் சூடேறுவார்கள்.
பால்கனியில் நின்று கேட்க நல்லது.
இப்போதைக்கு எனக்கு பால்கனி போதும்.

அப்புறம் ஒஸ்மாருடையது கிடைத்தது.
பைசாந்து ஊர்க்காரர். தலைப்பு வெறும் எண்.
நாற்பத்தொரு நிமிடம், சொல்லே இல்லை,
ஏற்றமில்லை, இறக்கமில்லை,
எரிச்சல் மூட்டாத சொட்டுக் குழாய்.
இருபத்து மூன்றாம் நிமிடத்தில் மட்டும்
ஒரு நாய் குரைக்கிறது.
ஒரே ஒரு முறை.
முதல் நாள் நின்று திரும்பிப் பார்த்தேன்.
தூண்டில்காரர் ஒருவர்
இடுக்கிய பிளாஸ்கோடு என்னைப் பார்த்தார்.

அலைதடுப்புச் சுவரில் தொடங்குவேன்,
ஆற்றைக் கடல் என்று நம்பும் கரையோரமாகக் கிழக்கே.
மார்ச்சில்
செங்கல் நிறத்துப் பழைய எரிவாயு ஆலைக்கு வருமுன்னே
குரைத்துவிட்டது.
மே மாதம் ஆலையின் வாசலில்.
ஜூலையில் ஆலை முதுகுக்குப் பின்னால்.
தாளம் அதே தாளம், நிமிடம் அதே நிமிடம்,
நாய் மட்டும் ஒவ்வொரு விளக்குக் கம்பமாக
கிழக்கே நகர்கிறது.
ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை
ராமிரெஸ் கடற்கரையின் மணல் கண்ணில் பட்டபோது
காதில் குரைத்தது.
யாருமில்லாத நடைபாதையில் நானும் பதிலுக்குக் குரைத்தேன்.
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

ஆசை விடுமா.
ஒஸ்மாருக்கு எழுதினேன்:
நூற்றைம்பத்தாறில் ஒன்று செய்து தருவீர்களா,
என் கால்கள் தயார்.

எட்டு நாள் கழித்துப் பதில்.
"அம்மா, நான் ஓடுவதில்லை.
படகுக்கு உப்புத்தாள் தேய்க்கிறவன்.
என் கை சோர்ந்து வேகம் குறையாமலிருக்கச் செய்துகொண்டது அது.
நூற்றைம்பத்தாறில் தேய்த்தால் பலகை கருகும்.
நாய்க்கு அந்த நேரத்தில் சாப்பாடு.
பெயர் தோர்னியோ. இன்னும் அதே நேரத்துக்குத்தான் கேட்கிறது."

படித்துவிட்டு
எடை மேடையில் ஏறி நின்ற லாரியை மறந்துபோனேன்.
முள் எப்போதோ நின்றிருந்தது.

ஆக, நான் இத்தனை மாதமாக
ஏதோ ஒரு படகின் அடிவயிற்றைத் தேய்த்திருக்கிறேன்.
இருக்கட்டும். அதே நூற்றைம்பத்திரண்டு.
அடியைக் கூட்டுவதில்லை,
கொஞ்சம் அகட்டி வைக்கிறேன்.

இன்று தென்கிழக்குக் காற்று முகத்தில் அறைந்தது.
தண்ணீர் சுவரேறி ஷூவுக்குள் வந்தது.
மணலுக்கு மூன்று கம்பம் முன்னாலேயே
தோர்னியோவுக்குப் பசித்துவிட்டது.
நாளைக்கும் இதே காற்றுதான் என்கிறார்கள்.